வாயில்லா ஜீவனுக்காக அழலாமா?



இவ்வாரப் பாடத்தின் தலைப்பைக் கண்டு உங்களில் சிலர் புன்னகை செய்யக்கூடும். "உலகத்தில் அழுவதற்கு வேறு காரியமா இல்லை? நாய் செத்ததற்கும் பூனை செத்ததற்கும் ஒரு ஞானோபதேசமா?" என்று கேட்கவும் கூடும். நானும் சில மாதங்களுக்கு முன்வரை அப்படித்தான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தால் ஒரு குழந்தையின் மனதைப் புண்படுத்தினேன். அதை ஒப்புக்கொண்டே பாடத்தைத் தொடங்குகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப்பின் ஞானோபதேச வகுப்பில் மோட்சத்தைப்பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி எழுந்து நின்றாள். "உபதேசியார் ஐயா, எங்க மணி புதன்கிழமை செத்துப்போச்சு. அது மோட்சத்துக்குப் போயிருக்குமா?" என்று கேட்டாள். மணி என்பது அவர்கள் வீட்டு நாய். மற்றப் பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே, "நாய்க்கு ஆத்துமமே கிடையாது, உட்கார் பாப்பா" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டேன். அடுத்த ஞாயிறு அவள் வகுப்புக்கு வரவில்லை.

விசாரிக்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். துக்கத்தில் இருந்தது அந்தச் சிறுமி மட்டுமல்ல என்று அங்கேதான் கண்டேன். திண்ணையில் அவளுடைய அப்பாயி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மணியின் அலுமினியத் தட்டு கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. "மகனும் மருமகளும் வேலைக்குப் போயிடுவாங்க, பிள்ளைங்க பள்ளிக்கூடம் போயிடும். பகலெல்லாம் நானும் அதுவுந்தான். நாய்க்கு அழுவுறாளே கிழவின்னு ஊர் சிரிக்கும். அதனால அடுப்படியில போய் அழுதுட்டு வருவேன்" என்றார்.

சிறுமியின் தகப்பனார் அதிகம் பேசவில்லை. மணிக்கு வயது பதின்மூன்று. சிறுநீரகம் கெட்டு, இரையெடுக்காமல், எழுந்து நிற்கவும் முடியாமல் கிடந்தது. இனிப் பிழைக்காது என்று கால்நடை மருத்துவர் சொன்னபின், வேதனையில்லாமல் உயிர் பிரிய ஊசி போடுவதற்கு அவர்தாம் சம்மதம் கொடுத்திருந்தார். "கடைசிவரைக்கும் என் கையை நக்கிக்கிட்டே இருந்துச்சு. நானே அதைக் கொன்னுட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

அப்போது அப்பாயி திண்ணையில் இருந்தபடியே, "எனக்கும் அந்த ஊசியை ஒண்ணு போட்டுவிடச் சொல்லு, தம்பி" என்றார். வேடிக்கையாகச் சொன்னதுபோலத்தான் இருந்தது. ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை.

வீடு ஒன்று, நாயும் ஒன்று. துக்கமோ மூன்று விதம். பிள்ளைக்கு வேண்டியது உண்மை. அப்பாயிக்கு வேண்டியது வெட்கமின்றி அழ ஓர் இடம். தகப்பனுக்கு வேண்டியது மனச்சாட்சியின் சமாதானம். நம் பங்கில் இப்படி எத்தனை வீடுகளோ! ஆகையால் திருச்சபையின் போதனையைக் கொண்டு ஒவ்வொன்றாய் ஆராய்வோம்.

முதலாவது: அழுவது குற்றமா?

குற்றமல்ல. வேதாகமத்தைத் திறந்து பாருங்கள். தாவீது அரசன் பாவத்தில் விழுந்தபோது, நாத்தான் தீர்க்கதரிசி அவனிடம் ஓர் ஏழையின் கதையைச் சொன்னார். அந்த ஏழைக்கு இருந்தது ஒரே ஒரு பெண் ஆட்டுக்குட்டி. அது அவன் பிள்ளைகளோடு வளர்ந்தது. அவன் உணவில் தின்று, அவன் கிண்ணத்தில் குடித்து, அவன் மடியில் உறங்கியது. அவனுக்கு ஒரு மகளைப்போல் இருந்தது. அந்தக் குட்டியை ஒரு பணக்காரன் பிடுங்கிக்கொண்டு போய் விருந்துக்கு அடித்தான் என்று கேட்டபோது தாவீது சிரித்தானா? "ஓர் ஆட்டுக்குட்டிக்காகவா இத்தனை?" என்றானா? இல்லை, கடுங்கோபங் கொண்டான். ஏழை தன் குட்டிமேல் வைத்த பாசம் பரிகாசத்துக்குரியதாய் இருந்திருந்தால், அந்தக் கதையைக் கொண்டு ஓர் அரசனின் மனச்சாட்சியை அசைத்திருக்க முடியுமா?

நம் கோவில்களில் ஆரோக்கியநாதராகிய அர்ச்சியசிஷ்ட ரோக்கு என்பவரின் சுரூபத்தைப் பார்த்திருக்கிறீர்கள். அவர் காலடியில் நிற்பது யார்? வாயில் அப்பத்தைக் கவ்விய ஒரு நாய். கொள்ளைநோயால் மனிதர் அணுகாத இடத்தில் கிடந்தவருக்கு அது உணவு கொண்டுவந்தது என்பது பரம்பரைச் செய்தி. தொபியாஸ் வாலிபன் இரபாயேல் சம்மனசோடு பிரயாணம் புறப்பட்டபோது கூடவே அவன் நாயும் போயிற்று. அவன் திரும்பி வருகையில் அது முன்னால் ஓடிவந்து வாலைக் குழைத்ததாக இலத்தீன் வேதாகமம் நமக்குச் சொல்லுகிறது. சர்வேசுரனுடைய வார்த்தையில் ஒரு நாயின் வாலுக்கும் இடம் இருக்கிறது!

1992-ம் ஆண்டில் வெளியான கத்தோலிக்க திருச்சபையின் ஞானோபதேச நூல், மிருகங்கள் சர்வேசுரனுடைய சிருஷ்டிகள் என்றும், அவை உயிரோடிருப்பதே அவருக்கு மகிமை என்றும், அவற்றுக்கு அன்பு காட்டுவது மனிதர் கடமை என்றும் போதிக்கிறது. அதற்கு முன்மாதிரியாக அர்ச். பிரான்சிஸ் அசிசியாரையும் அர்ச். பிலிப் நேரியாரையும் காட்டுகிறது. இந்தப் பிலிப் நேரியார் ரோமையில் தாம் நெடுங்காலம் வாழ்ந்த இல்லத்தை விட்டு வேறு இல்லத்துக்குக் குடிபோனபோது, பழைய இல்லத்தில் தங்கிவிட்ட தம் பூனைக்கு உணவு வைக்கத் தம் சீடர்களை அனுப்பிவந்தார்.

ஆகவே அடுப்படிக்குள் ஒளிந்து அழுகிற அப்பாயிமாரே, வெளியே வாருங்கள். நன்றியுள்ள நெஞ்சத்தின் கண்ணீர் அது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அயல்வீட்டாரே, அழுகிறவரைக் கண்டால், "நாய்தானே, போகட்டும், வேறொன்று வாங்கிக்கொள்" என்று சொல்லாதீர்கள். "எத்தனை வருஷம் வளர்த்தீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். மீதியை அவர்களே சொல்லுவார்கள். சொல்லச் சொல்லப் பாரம் குறையும்.

இரண்டாவது: மிருகத்துக்கு ஆத்துமம் உண்டா?

இங்கே நான் என் தவறைத் திருத்திக்கொள்ள வேண்டும். "நாய்க்கு ஆத்துமமே கிடையாது" என்று நான் சொன்னதில் அன்பு மட்டுமா குறைந்தது? சாஸ்திரமும் குறைந்தது. அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் போதிப்பது இது: உயிருள்ள எதற்கும் ஆத்துமம் உண்டு. செடிகொடிகளின் ஆத்துமம் வளரச் செய்கிறது. மிருகங்களின் ஆத்துமம் வளரச் செய்வதோடு பார்க்கவும் கேட்கவும் பசிக்கவும் பாசம் கொள்ளவும் செய்கிறது. மனிதனுடைய ஆத்துமமோ இவற்றோடு புத்தியும் மனதும் உடையது. அது அரூபியானது, அழியாதது. மிருக ஆத்துமம் உடலைச் சார்ந்தே நிற்பதால், உடல் அழியும்போது அதுவும் முடிந்துபோகிறது என்பது அவர் முடிவு.

பிள்ளைகள் கேட்டால் கீழ்க்கண்டவாறு பதில் சொல்லுங்கள்.

வினா: எங்கள் நாய் மோட்சத்தில் இருக்கிறதா?

விடை: மோட்சம் என்பது சர்வேசுரனை அறிந்து, சிநேகித்து, முகமுகமாய்த் தரிசிக்கும் பாக்கியம். புத்தியும் மனதும் உள்ளவர்களே அதற்கு அழைக்கப்பட்டிருக்கிறார்கள். மிருகங்கள் நம்மைப்போல் பாவம் செய்வதுமில்லை, புண்ணியம் செய்வதுமில்லை, அவற்றுக்கு நடுத்தீர்வையும் இல்லை.

வினா: அப்படியானால் சர்வேசுரன் அதை மறந்துவிடுவாரா?

விடை: மாட்டார். இரண்டு காசுக்கு ஐந்து விற்கப்படும் குருவிகளில் ஒன்றையாவது தம் பிதா மறப்பதில்லை என்று சேசுநாதர் சுவாமியே சொல்லியிருக்கிறார். மணியை உண்டாக்கியவர் அதை அறிவார்.

வினா: நான் அதை மறுபடி பார்ப்பேனா?

விடை: திருச்சபை இதைப்பற்றி ஆம் என்றும் விசுவாச சத்தியமாய் வரையறுக்கவில்லை, இல்லை என்றும் வரையறுக்கவில்லை. ஆனால் சிருஷ்டி முழுவதும் அழிவின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெறக் காத்திருக்கிறது என்று அர்ச். சின்னப்பர் ரோமையருக்கு எழுதியிருக்கிறார். புதிய வானமும் புதிய பூமியும் நமக்கு வாக்களிக்கப்பட்டிருக்கின்றன. 2015-ம் ஆண்டில் பாப்பரசர் பிரான்சிஸ் வெளியிட்ட நிருபத்திலும், நித்திய வாழ்வில் ஒவ்வொரு சிருஷ்டியும் ஒளி பொருந்திய விதமாய் மாற்றப்பட்டுத் தன் இடத்தைப் பெறும் என்று போதித்தார். அது எவ்விதம் என்பதைச் சர்வேசுரன் கையில் விட்டுவிடு. அவரைத் தரிசிக்கிறவர்களுக்கு எந்தச் சந்தோஷமும் குறைவுபடாது.

பெற்றோரே, இதற்குமேல் கூட்டியும் சொல்லாதீர்கள், குறைத்தும் சொல்லாதீர்கள். நாயை இழந்த ஒரு சிறுவனிடம், அதை மோட்சத்தில் காண்பாய் என்று பாப்பரசர் சொன்னதாக 2014-ம் ஆண்டு டிசம்பரில் உலகப் பத்திரிகைகள் பல எழுதின. அப்படி அவர் சொல்லவில்லை என்று பிறகு தெளிவாகி, பத்திரிகைகள் திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று. ஆறுதலுக்காகச் சொல்லும் பொய் இவ்விதமே பிறகு காயப்படுத்தும். "மணி தூங்குகிறது" என்று சொன்னால் குழந்தை இரவில் கண்மூடப் பயப்படும். "ஊருக்கு அனுப்பிவிட்டோம்" என்று சொன்னால் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். "செத்துப்போயிற்று, இனி வராது, எங்களுக்கும் துக்கமாகத்தான் இருக்கிறது" என்று சொல்லி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். அநேக குழந்தைகள் மரணத்தை முதன்முதல் சந்திப்பது இப்படித்தான். பின்னொருநாள் நம்மையே அடக்கம் செய்ய வேண்டிய பிள்ளைகள், அந்த முதல் பாடத்தை உண்மையோடு கற்கட்டும்.

மூன்றாவது: நான் கொலை செய்தேனா?

ஊசிக்குச் சம்மதித்த தகப்பனாருக்கு இதைச் சொன்னேன். அவரைப்போல் வருந்துகிற எல்லாருக்கும் சொல்லுகிறேன். ஐந்தாம் கற்பனை தடைசெய்வது மனிதக் கொலையை. மிருகங்களை அவசியமின்றித் துன்புறுத்துவதும் கொல்லுவதும் மனித மாண்புக்கு ஒவ்வாது என்று திருச்சபை போதிக்கிறது. இங்கே அவசியம் இருந்தது. கை தேர்ந்த மருத்துவர் பரிசோதித்து, குணமாக வழியில்லை, வேதனை மட்டுமே மிச்சம் என்று கண்டபின், அந்த வேதனையைச் சுருக்கச் சம்மதித்தது கொடுமையல்ல. பொறுப்பாளியின் கடைசிக் கடமை. வாயில்லா ஜீவனுக்குத் தன் வேதனையின் பொருள் தெரியாது. அதைச் சர்வேசுரனுக்கு ஒப்புக்கொடுக்கவும் தெரியாது. தன் எஜமான் பக்கத்தில் இருக்கிறான் என்பதே அதற்குத் தெரியும். அவர் கடைசிவரை பக்கத்தில் இருந்தார். அவர் கையை அது நக்கியது குற்றச்சாட்டல்ல.

சிலருக்கு வேறு விதமான உறுத்தல். "கதவைத் திறந்துவைத்தேன், ரோட்டில் லாரியில் அடிபட்டுவிட்டது, நோயை முன்பே கவனிக்காமல் போனேன்." மெய்யாகவே அசட்டை இருந்தால் ஆண்டவரிடம் மனஸ்தாபப்படுங்கள். அடித்துப் பட்டினிபோட்டிருந்தால் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லுங்கள். ஆனால் தெரியாமல் நேர்ந்ததைத் தெரிந்து செய்ததாக்கி உங்களையே தண்டித்துக்கொள்ளாதீர்கள். அதற்குப் பெயர் மனஸ்தாபமல்ல, சஞ்சலம். மனஸ்தாபம் மனிதனைத் திருத்தும்; சஞ்சலம் வீணாய் அலைக்கழிக்கும்.

நான்காவது: "எனக்கும் அந்த ஊசி"

அப்பாயி சொன்ன வார்த்தைக்குப் பதில் சொல்லாமல் இந்தப் பாடத்தை முடிக்கக்கூடாது. மிருகத்துக்கு இரக்கமாவது மனிதனுக்கு ஏன் ஆகாது? மனிதன் சர்வேசுரனுடைய சாயலாக உண்டாக்கப்பட்டவன். சேசுநாதருடைய திரு இரத்தத்தால் மீட்கப்பட்டவன். அவனுடைய உயிரை எடுக்க மருத்துவருக்கும் அதிகாரமில்லை, மகனுக்கும் அதிகாரமில்லை, அவனுக்கே அதிகாரமில்லை. வலியைத் தணிக்க மருந்து கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். ஆனால் உயிரைப் போக்க ஒருபோதும் கூடாது. அவன் படும் வேதனையும் வீணல்ல. சிலுவையோடு சேர்த்து ஒப்புக்கொடுத்தால் அது செபமாகும்.

இதெல்லாம் உண்மை, ஆனால் திண்ணையில் தனியே இருக்கிற ஒரு வயோதிகத் தாய்க்கு இந்த நியாயங்கள் மட்டும் போதுமா? அவர் கேட்டது ஊசியை அல்லவென்று எனக்குத் தோன்றிற்று. "மணி போய்விட்டது, இனிப் பகலில் நான் யாரோடு பேசுவேன்?" என்பதுதான் அந்த வார்த்தையின் பொருள்.

ஐந்தாவது: துக்கத்துக்கு மருந்து

அர்ச். தோமாஸ் பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதிய தமது பெருநூலில் துக்கத்துக்கு ஐந்து மருந்துகள் கூறுகிறார். பெரிய சாஸ்திரியார் எத்தனை வீட்டுப் பாங்காய்ச் சொல்லியிருக்கிறார் பாருங்கள்.

(1) கண்ணீர். உள்ளே அடைத்துவைத்த துக்கம் அதிகமாய் வாட்டும்; வெளியே விட்டால் தணியும்.

(2) நண்பர்களின் இரக்கம். ஒருவன் சுமக்கிற பாரத்தை இருவர் சுமந்தாற்போல் ஆகும். நாம் நேசிக்கப்படுகிறோம் என்ற அறிவே ஆறுதல்.

(3) சத்தியத்தைத் தியானித்தல். சர்வேசுரன் நல்லவர், சிருஷ்டி அவருடையது, நமக்குக் கிடைத்தது கொஞ்சக்காலம் வளர்க்கக் கொடுத்த கொடை.

(4) நித்திரையும் ஸ்நானமும். ஆம், அவரே எழுதியிருக்கிறார்! சோறு தண்ணீர் இல்லாமல் விழித்துக்கிடப்பது பக்தியல்ல. குளித்து, உண்டு, உறங்குங்கள். வாரக்கணக்கில் உறக்கமும் உணவும் கொள்ளாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள், அதில் வெட்கமில்லை.

(5) மனதுக்கு இன்பமான எதுவும். தோட்ட வேலை, பாட்டு, நல்ல புத்தகம், பிள்ளைகளோடு பேச்சு.

இவற்றோடு சில நடைமுறைக் காரியங்களும் உண்டு. இறந்த பிராணியைக் குப்பையில் எறியாதீர்கள். இடமிருந்தால் கிணற்றுக்குத் தூரமாய் ஆழக் குழிதோண்டிப் புதையுங்கள். இடமில்லாத நகரவாசிகள் மாநகராட்சியிலோ கால்நடை மருத்துவமனையிலோ விசாரிக்கலாம். வெறிநோய்ச் சந்தேகமிருந்தால் தொடாமல் உடனே மருத்துவருக்குத் தெரிவியுங்கள். அது கடித்த அல்லது கீறிய ஒவ்வொருவரும் காயத்தைச் சோப்புப் போட்டு நன்றாய்க் கழுவி, அன்றே மருத்துவமனை போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். கல்லறையில் சிலுவை நாட்ட வேண்டாம். ஒரு மரக்கன்று நடுங்கள். மரித்தவர்களுக்கான பூசை மனித ஆத்துமங்களுக்கே உரியது. மிருகத்துக்காக அதைக் கேட்கலாகாது. ஆனால் நன்றியறிதலாக ஒரு பரலோக மந்திரம் சொல்லலாம். உயிரோடிருக்கும் பிராணிகளை மந்திரிக்கச் செபம் திருச்சபையில் உண்டு. ஜனவரி 17-ந் தேதி வனத்து அந்தோணியார் திருநாளில் ஆடுமாடுகளை மந்திரிக்கும் வழக்கம் பல தேசங்களிலும் இருக்கிறது. புதுக் குட்டி ஒன்றை உடனே வாங்கி இறந்ததின் பெயரையே சூட்டுவதில் அவசரம் வேண்டாம், துக்கம் ஆறட்டும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். மனிதருக்கு மட்டும் உரிய நேசத்தை மிருகங்கள்மேல் வைக்கலாகாதென்றும், மனிதத் துயரைத் தணிக்க முதலில் செல்ல வேண்டிய பணத்தை அவற்றுக்குச் செலவழிப்பது தகாதென்றும் அதே ஞானோபதேச நூல் சொல்லுகிறது. நாய்க்காக அழுதுவிட்டு, சொந்தத் தம்பியோடு பத்து வருஷமாய்ப் பேசாமல் இருக்கிறவன் தன் கண்ணீரைச் சோதித்துப் பார்க்கட்டும்.

படிப்பினை

அந்த வீட்டில் மணி செய்துவந்த வேலை என்ன? வாசலைக் காத்தது மட்டுமா? பகல் முழுவதும் ஒரு வயோதிகத் தாய்க்குத் துணையாய் இருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து வரும் பிள்ளையை முதலில் ஓடிப்போய் வரவேற்றது. களைத்து வரும் தகப்பன் காலடியில், அவர் பேசினாலும் பேசாவிட்டாலும் கோபிக்காமல் கிடந்தது. பதின்மூன்று வருஷம் அது சம்பளமின்றிச் செய்த அன்பு வேலை அது. மணி போனபின்தான் அந்த வேலை வீட்டில் காலியாகக் கிடப்பது எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது.

துக்கம் நமக்குக் காட்டுவது இதுதான்: எங்கே வெறுமையாய்த் தோன்றுகிறதோ, அங்கே அன்பு ஒன்று நின்றிருந்தது. அதை எடுத்துக்கொண்ட சர்வேசுரன், "இனி அதை நீங்கள் செய்யுங்கள்" என்று நம்மிடம் ஒப்படைக்கிறார். ஒரு நாயால் செய்ய முடிந்ததை நம்மால் செய்யமுடியாதா?

அடுத்த ஞாயிறு வகுப்பில் எல்லாப் பிள்ளைகள் முன்பாகவும், "போனவாரம் நான் சொன்னது தவறு, ஒரு நல்ல கேள்வியைக் கேட்டு நானும் சிரித்தேன்" என்று சொன்னேன். அன்று அந்தச் சிறுமியும் வந்திருந்தாள். சிரித்த பிள்ளைகளில் மூன்றுபேர் தங்கள் வீட்டில் செத்துப்போன ஆட்டையும் கிளியையும் பூனையையும்பற்றி எழுந்து சொன்னார்கள். இப்போதெல்லாம் பள்ளிக்கூடம் விட்டதும் அவள் பையை வைத்துவிட்டு நேரே திண்ணைக்குப் போய் அப்பாயியோடு அரைமணி நேரம் உட்காருகிறாள் என்று அவள் தகப்பனார் சொன்னார்.

இவ்வாரத் தீர்மானம்: என் வீட்டில் பகலெல்லாம் தனியாய் இருப்பவர் யார் என்று பார்ப்பேன். தினமும் அரைமணி நேரம் அவரோடு உட்காருவேன்.

மனவல்லய செபம்: குருவியையும் மறவாத பிதாவே, நீர் எங்களுக்குக் கொஞ்சக்காலம் தந்த இந்த ஜீவனுக்காக உமக்குத் தோத்திரம். அது எங்களுக்குக் காட்டிய அன்பை நாங்கள் ஒருவருக்கொருவர் காட்டக் கிருபை செய்தருளும். ஆமென்.